எது நல்லம் என்று கேட்டால்

கமலின் பாபநாசம் படம் வந்த 2015ஆம் ஆண்டு நான் எழுதிய விமர்சனத்தைப் போன கிழமை எடுத்து வாசித்தேன். ஒன்றரைப் பக்கம். அதில் 'அருமையான' ஏழு இடத்தில் இருக்கிறது. 'நேர்த்தியான' நாலு. 'மிக' எத்தனை என்று எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டேன். இவற்றைவிட உறுத்தியது ஒரு வரி: 'மூலப் படத்தை விடச் சற்றுக் குறைவு என்றாலும்'. அப்போது நான் அந்த மூலப் படமான மலையாள த்ரிஷ்யம் பார்த்திருக்கவில்லை. பார்த்தவர்கள் சொன்னதை என் சொல்லாக எழுதியிருக்கிறேன். நான் செய்திருக்கக் கூடாத வேலை அது.

பழசைத் தேடி எடுக்க வைத்தவ என் கந்தோரில் இருக்கும் அக்கா. நான் காரைதீவுச் சந்தியில் காலை பஸ் ஏறி, சம்மாந்துறை வயல்களைத் தாண்டி அம்பாறைக்கு வேலைக்குப் போகிறவள். அக்கா அம்பாறையிலேயே பிறந்து வளர்ந்த சிங்களப் பெண். எனக்கு அவ அக்கா, அவவுக்கு நான் நங்கி, அதாவது தங்கச்சி. அக்கா என்கிற சொல் இரண்டு பாஷையிலும் ஒன்றாக இருப்பதில் எனக்கு எப்போதும் ஒரு சந்தோசம். மத்தியானம் சோற்றுப் பார்சலை விரித்தால் எங்கள் பேச்சு பெரும்பாலும் படத்தைப் பற்றித்தான். அப்படி ஒரு நாள் பாபநாசம் கதையைச் சொல்லிக்கொண்டு போக, அக்கா பிசைந்த சோற்றோடு கையை நிறுத்தினா.

"நங்கி, இது தர்மயுத்தய தானே?"

ஆம், அதேதான். செய்யாறு ரவி இயக்கி 2017இல் வந்த சிங்களப் படம். ஜாக்சன் அந்தோனி நடித்தது. முதலில் வந்தது 2013இல் மலையாளம், பிறகு தமிழ், அதற்குப் பிறகுதான் சிங்களம் என்று நான் வரிசையைச் சொன்னேன். அக்கா தலையாட்டி ஒத்துக்கொண்டா. ஒத்துக்கொண்ட கையோடு கேட்டா: "அப்ப கமல், ஜாக்சன் மாதிரிச் செய்திருக்காரா?"

அன்றைக்குப் பின்னேர பஸ்ஸில் முழுக்க அந்த 'மாதிரி'தான் எனக்குள் ஓடியது. வரிசை தெரிந்த பிறகும் அக்காவுக்கு அளவுகோல் ஜாக்சன் அந்தோனிதான். 2023இல் அவர் மறைந்தபோது கந்தோரில் அக்கா அழுததும் நினைவு வந்தது. எனக்குக் கமல். மலையாளம் பார்த்து வளர்ந்த ஒருவருக்கு மோகன்லால். எந்த ஆண்டில் எந்தப் படம் வந்தது என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. ஆனால் 'போல' என்ற சொல்லுக்கு முன்னால் யாரை வைக்கிறோமோ அவரை நாங்கள் ஏற்கெனவே மேலே தூக்கி வைத்தாயிற்று.

தொல்காப்பியர் உவமவியலில் இதை ஒரே அடியில் சொல்லியிருக்கிறார்: 'உயர்ந்ததன் மேற்றே உள்ளுங் காலை.' உவமை சொல்ல நினைக்கும்போது உயர்ந்த ஒன்றோடுதான் ஒப்பிட மனம் போகும். முகத்தை நிலவு போல என்போம். நிலவை முகம் போல என்றால் அது வேறு கதையாகிவிடும். பள்ளிக்கூடத்தில் இதை மனப்பாடம் செய்தபோது ஒரு படத்துக்கு உதவும் என்று நினைத்ததில்லை. ரீமேக் படத்தின் விமர்சனத்தில் 'மூலத்தைப் போல' என்று எழுதிய உடனேயே தீர்ப்பு பாதி எழுதியாகிவிடுகிறது. பிறகு வரும் பெயரடைகள் எல்லாம் அந்தத் தீர்ப்புக்குப் பூசும் வர்ணம். அதனால் நான் எதை முதலில் பார்த்தேன் என்பதை இனி விமர்சனத்தின் தொடக்கத்திலேயே எழுதப் போகிறேன். வாசிக்கிறவருக்கு அது தெரிய வேண்டும்.

இந்த நியாயத்தை எனக்கு முதலில் காட்டியவர் என் அம்மப்பா. மட்டக்களப்புப் படுவான்கரையில் வேளாண்மை செய்தவர். இளமையில் வடமோடிக் கூத்து ஆடியவர். கூத்துப் பார்க்கிறவர்களுக்குக் கதை புதிதில்லை. கர்ணன் சாகப்போகிறான் என்று களரியைச் சுற்றி இருக்கும் குழந்தைக்கும் தெரியும். ஆகவே கூத்து முடிந்து விடியப்புறம் வீட்டுக்கு நடந்து வரும்போது யாரும் கதையைப் பற்றிப் பேசுவதில்லை. இந்த ஊர்க் கர்ணனையும் போன வருசம் அடுத்த ஊரில் பார்த்த கர்ணனையும் பற்றித்தான் பேச்சு. அம்மப்பா சொன்ன ஒன்று அப்படியே மனதில் நிற்கிறது.

"போன வருசம் ஆடினவன் வரவுக்கு வரக்குள்ள நிலம் அதிர்ந்திச்சு. இவன் சூடு மிதிச்சுக் களைச்ச மாடு மாதிரி வாறான். ஆனா புள்ள, குந்தி வந்து கேக்கக்குள்ள இவன் ஒரு அடி பின்னுக்கு வச்சான் பாரு, அத அவன் செய்யல்ல."

"அப்ப ஆரு நல்லம் அம்மப்பா?" என்று கேட்டேன்.

"அண்ணாவியார் வேற புள்ள. தாளக்கட்டு வேற. காலும் வேறதான்."

அண்ணாவியார் என்றால் கூத்தைப் பழக்குகிறவர். நல்லம், கூடாது என்ற சொல் அவர் வாயில் வரவே இல்லை. இத்தனைக்கும் இரண்டு கர்ணனையும் நான் பார்த்ததுபோல இருந்தது. களைத்த மாடு என்று அவர் சொன்னதில் மாட்டின் நிறமும் இல்லை, கொம்பும் இல்லை. நெல்லுச் சூடு மிதிக்கும் களவெட்டியில் சுற்றிச் சுற்றிப் பாரமாகிப்போன கால் மட்டும்தான் இருந்தது. 'வினைபயன் மெய்உரு என்ற நான்கே வகைபெற வந்த உவமத் தோற்றம்' என்று தொல்காப்பியர் பிரிப்பதும் இதைத்தான். செய்கையில் ஒப்பா, விளைவில் ஒப்பா, வடிவில் ஒப்பா, நிறத்தில் ஒப்பா? எதில் என்று சொல்லாத 'போல' காற்றில் வீசிய கை. 'விட'வும் அப்படியே. தமிழில் பெரிய என்ற சொல் எந்த ஒப்பீட்டிலும் தன் உருவத்தை மாற்றாது. பாரம் முழுவதையும் 'அதைவிட' என்பது தூக்க வேண்டும். அந்த 'அது' எது என்று பெயர் சொல்லாவிட்டால் வாக்கியம் காலை ஊன்ற இடமில்லாமல் நிற்கிறது.

இந்த நாலையும் கையில் வைத்துக்கொண்டு த்ரிஷ்யம், பாபநாசம் இரண்டையும் அடுத்தடுத்த இரவுகளில் பார்த்தேன். இங்கே அண்ணாவியார் ஒருவர்தான்: இரண்டையும் இயக்கியவர் ஜீத்து ஜோசப். ஒளிப்பதிவு இரண்டிலும் சுஜித் வாசுதேவ். பொலிஸ் அதிகாரியாகவும் காணாமல் போன மகனின் தாயாகவும் வரும் ஆஷா சரத்தும், இளைய மகளாக வரும் எஸ்தர் அனிலும் இரண்டு படத்திலும் அதே வேடம். மெய்யும் உருவும் அநேகமாக ஒன்றுதான் என்று ஒரு வரியில் முடித்துவிடலாம்.

மண் மாறியிருக்கிறது. இடுக்கி மலைப்பக்கத்து ஜோர்ஜ்குட்டி திருநெல்வேலிப் பக்கத்துச் சுயம்புலிங்கமாகியிருக்கிறார். ஜெயமோகன் எழுதிய வசனம் நெல்லைப் பேச்சில் வருகிறது. எனக்கு அந்தப் பேச்சு அந்நியமாகவும் நெருக்கமாகவும் ஒரே நேரத்தில் கேட்டது. எங்கட ஊர்ப் பேச்சில் வரும் 'மறுகா'வை வெளியூர்க்காரர் கேட்டால் இப்படித்தான் இருக்கும் போல. 2015இல் இதற்கு நான் எழுதியது 'இயல்பான வட்டார வழக்கு'. அதை வாசித்து யாருடைய காதில் என்ன கேட்டிருக்கும்?

உண்மையில் வித்தியாசம் வினையில் இருக்கிறது. கடைசியில், காணாமல் போன மகனின் தாய்தகப்பனுக்கு முன்னால் கதாநாயகன் பேசும் காட்சி. என் பழைய வரி: 'கமல் மிக உருக்கமாக நடித்திருக்கிறார்.' உருக்கமாக என்றால் எப்படி? அந்த 'ஆக'வை எடுத்துவிட்டு வினையெச்சத்தைத் தேடினேன். தமிழில் ஒருவன் ஒன்றை எப்படிச் செய்தான் என்பதைச் சொல்ல 'ஆக'வைவிட இன்னொரு வினையே நல்ல வழி. மெதுவாகச் சொன்னான் என்பதில் வேகம் மட்டும் தெரிகிறது; தலை குனிந்து சொன்னான், எச்சில் விழுங்கிச் சொன்னான், சொல்லவந்து நிறுத்திச் சொன்னான் என்பதில் ஆள் தெரிகிறான். பெயருக்கு முன்னாலும் இதே கதைதான். 'சோகமான கண்' என்பதை யாரும் எழுதலாம். 'அழுது ஓய்ந்த கண்' என்று எழுத ஒருதரமாவது அந்தக் கண்ணைப் பார்த்திருக்க வேண்டும்.

புதிதாக எழுதியது இப்படி வந்தது: 'மோகன்லால் அந்தப் பேச்சை அடக்கிப் பேசுகிறார், எவ்வளவு சொல்லலாம் என்று அளந்துகொண்டே சொல்லும் மனிதன். கமல் சொல்லச் சொல்ல உடைகிறார். அளக்க முடியாமல் போய்விட்ட மனிதன்.' எது நல்லம் என்று இதில் இல்லை. மலையாளம் முடிந்தபோது எனக்கு அந்த மனிதன்மேல் கொஞ்சம் பயம் இருந்தது. தமிழ் முடிந்தபோது பயம் இல்லை, இரக்கம்தான் இருந்தது. அது பயனில் உள்ள வேறுபாடு. இரண்டு வரியும் வந்ததும் இந்த முறை சரியாகச் செய்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

பெயரடையே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. வாய்விட்டு 'அருமை' என்று சொல்லத் தோன்றும் இடம் இருக்கத்தான் செய்கிறது. சொல்லட்டும். ஒரு விமர்சனத்துக்கு ஒன்று போதும்.

எழுதியதைச் சாப்பாட்டு நேரத்தில் அக்காவுக்கு என் சிங்களத்தில் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அக்கா கேட்டுவிட்டு, பௌர்ணமிப் போயா லீவில் பாபநாசத்தைப் பார்ப்பதாகச் சொன்னா. நான் ஒன்றே ஒன்று கேட்டேன்: நல்லதா கூடாதா என்று சொல்லவேண்டாம் அக்கா, கடைசிக் காட்சியில் கமல் என்ன செய்தார் என்று சொல்லுங்கள், உங்கட ஜாக்சன் என்ன செய்தார் என்றும் சொல்லுங்கள். தர்மயுத்தய நான் இன்னும் பார்க்கவில்லை. அக்காவின் வாயால் அதை முதலில் பார்க்க ஆசைப்பட்டேன்.

லீவு முடிந்து வந்த அன்று அக்கா பார்சலைப் பிரிக்காமல் கொஞ்ச நேரம் இருந்தா.

"கமல் அழக்குள்ள நான் அவரைப் பார்க்கேல்ல நங்கி. அந்த அம்மாட முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜாக்சன்ட படத்திலயும் அப்படித்தான். அம்மாவைத்தான் பார்த்தேன்."

அக்காவின் மூத்த அண்ணா ஆமியில் சேர்ந்து போனவர். அவரைப் பற்றி ஒரு கடிதம் வரும் என்று அக்காட அம்மா இன்னும் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும். எங்கட ஒழுங்கையிலும் மகனின் படத்தைச் சட்டம் போட்டு, மாலை போட விடாமல் வைத்திருக்கும் ஒரு அம்மா இருக்கிறா. பஸ்ஸுக்கு நடக்கும்போது தினமும் அந்தப் படலையைத் தாண்டித்தான் போகிறேன்.

வீட்டுக்கு வந்து பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டு படத்திலும் ஒரே நடிகை, ஒப்பிட ஒன்றும் இல்லை என்று புதியதில் ஆஷா சரத்தின் பெயரை மட்டும் சொல்லிக் கடந்திருக்கிறேன். பழையதில் அந்தத் தாய்க்கு நான் கொடுத்திருந்தது ஒரே சொல்: 'கச்சிதமான'. அதை வெட்டிவிட்டேன். அந்த இடம் இன்னும் வெறுமையாக இருக்கிறது. இன்றிரவு கடைசிக் காட்சியைத் திரும்பப் போடப் போகிறேன்; சத்தத்தைக் குறைத்து, அவவின் முகத்தை மட்டும் பார்க்க.