ஏசி மாற்றினோம்: மானியம் தேடிப் போய் 500 யூனிட்டில் நின்ற கதை

2024 மே மாதக் கணக்கெடுப்பில் எங்கள் வீட்டு மின் அட்டையில் விழுந்தது 780 யூனிட். கட்டணம் 4,300 ரூபாய்க்கு மேல். வேலூர் சத்துவாச்சாரியில் மாடி வீடு. பகலெல்லாம் வெயிலைக் குடித்த மலைப்பாறை, இரவில் அந்த அனலை அப்படியே திருப்பிக் கொடுக்கும். மாமியாருக்கு 78 வயது, இதயம் பலவீனம். ஏசியை நிறுத்துவது என்ற பேச்சுக்கே இடமில்லை. பதினோரு ஆண்டு ஓடிய பெட்டியை மாற்றுவது என்று முடிவு செய்தோம்.

டெல்லியில் இருக்கும் நாத்தனார்தான் முதலில் ஆசை காட்டினாள். அங்கே பி.எஸ்.இ.எஸ். மின் விநியோக நிறுவனங்கள், பழைய ஏசியைக் கொடுத்தால் புதியதைச் சலுகை விலையில் தரும் திட்டம் நடத்துகின்றன. "அங்கேயும் இருக்கும் அண்ணி, கேட்டுப் பாருங்கள்" என்றாள். அட்டையை எடுத்துக்கொண்டு மின்வாரிய அலுவலகத்துக்குப் போனேன்.

"ஏசிக்கு மானியம் இல்லை அம்மா. கூரையில் சோலார் போட்டால் மத்திய அரசு தருகிறது. 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டுக்கு 78,000" என்றார் அங்கிருந்தவர். எங்கள் மின் இணைப்பு இன்னும் காலமான மாமனாரின் பெயரிலேயே இருக்கிறது. பெயர் மாற்றம் முடியாமல் அதில் இறங்க முடியாது என்பதால் சோலாரைத் தள்ளி வைத்தேன்.

ஆனால் அவர் அதோடு விடவில்லை. என் அட்டையைத் திருப்பிப் போட்டு 780 என்ற எண்ணின் மேல் பேனாவை வைத்தார். "இது 500க்குள் வந்தால் அதைவிடப் பெரிய மானியம் உங்களுக்குத் தேவையில்லை" என்றார். அப்போதைய விகிதப்படி, இரண்டு மாதத்துக்கு மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குச் சலுகை விலை. 501 ஆனதும் அந்தச் சலுகை போய்விடுகிறது. மேற்கொண்டு ஓடும் யூனிட் எட்டு ரூபாய்க்கு மேல், 600ஐத் தாண்டினால் ஒன்பதுக்கு மேல். பறிபோகும் சலுகையையும் சேர்த்தால் அந்த 501ஆவது யூனிட் ஒன்றின் விலை மட்டும் இருநூறு ரூபாய்க்கு மேல் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. எத்தனை ஆண்டுகளாக இந்த அட்டையைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறேன்!

2025 மார்ச்சில் கடைக்குப் போனபோது விலைச் சீட்டை விட்டுவிட்டு நட்சத்திர ஸ்டிக்கரைத்தான் படித்தேன். ஆண்டுக்கு 1,600 மணி நேரம் ஓடினால் எத்தனை யூனிட் என்று அதில் அச்சிட்டிருக்கும். ஒன்றரை டன்னில் மூன்று நட்சத்திரப் பெட்டி 960 சொச்சம். ஐந்து நட்சத்திரம் 750ஐ ஒட்டி. விலை வித்தியாசம் 7,000 ரூபாய். எங்கள் வீட்டில் ஏசி ஆண்டுக்கு 1,600 மணிக்கு மேலேயே ஓடும். ஐந்து நட்சத்திரத்தையே எடுத்தேன்.

வட்டியில்லாத் தவணை என்றார்கள். தவணையில் 44,500, அதற்குமேல் நடைமுறைக் கட்டணம். "முழுப் பணமும் இப்போதே கொடுத்தால்?" என்று கேட்டேன். 42,000 ஆயிற்று. அந்த இடைவெளிதான் வட்டி; பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். சீட்டுப் பணத்தை எடுத்துக் கட்டிவிட்டேன். பழைய ஏசிக்குக் கடையில் 3,500 ஒப்புக்கொண்டதை ரசீதிலேயே எழுதி வாங்கினேன். அது நல்லதாயிற்று. பொருத்த வந்தவர் "ரிமோட் உடைந்திருக்கிறது, 2,000தான் கிடைக்கும்" என்றபோது ரசீதை நீட்டினேன், பேச்சு அடங்கியது. செம்புக் குழாய் கூடுதல் மீட்டர், ஸ்டாண்டு என்று தனியாக 2,800 ஆயிற்று. இதை வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

பழையதில் இருந்தது ஆர்-22 என்ற குளிரூட்டும் வாயு. ஓசோன் படலத்தை அரிப்பது என்று படித்திருக்கிறேன். குழாயை அப்படியே கழற்றினால் அத்தனையும் காற்றில் போகும். "தம்பி, கேஸை வெளியே விடாமல் கழற்ற முடியுமா?" என்று கேட்டேன். ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு ஏசியை ஓடவிட்டு, வெளி யூனிட்டின் சிறிய வால்வை ஆறுமுனைச் சாவியால் மெல்ல இறுக்கினார். சற்று நேரம் பொறுத்துப் பெரிய வால்வையும் மூடி உடனே ஏசியை நிறுத்தினார். வாயு ஏறக்குறைய முழுதும் வெளி யூனிட்டுக்குள்ளேயே அடைபட்டது. குழாயைக் கழற்றியபோது லேசாக ஒரு "புஸ்" மட்டுமே. மொத்தம் பத்து நிமிட வேலை. யாரும் கேட்பதில்லை என்றார் அவர். தயவுசெய்து கேளுங்கள்.

26 டிகிரியில் வைத்து, மின்விசிறியையும் மெதுவாக ஓடவிட்டோம். மாமியார் முதல் வாரம் "குளிரவே இல்லையே" என்றார். பிறகு போர்வையைத் தேடினார். 2025 மே கணக்கெடுப்பு: 490 யூனிட், கட்டணம் 1,800க்குள்.

நான் வாங்கியபோது ஏசிக்கு ஜிஎஸ்டி 28 சதவீதம். அந்த ஆண்டு செப்டம்பர் 22 முதல் அது 18 ஆகிவிட்டது. 45,000 ரூபாய்ப் பெட்டியில் சுமார் 3,500 குறையும். வேலூர்க் கோடை அதுவரை காத்திருக்க விடாது என்பதால் எனக்கு வருத்தமில்லை. இனி வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: 2026 ஜனவரி முதல் நட்சத்திர அளவுகோலை இறுக்கிவிட்டார்கள். பழைய இருப்பில் உள்ள ஐந்து நட்சத்திரமும் புதிய ஐந்து நட்சத்திரமும் ஒன்றல்ல. ஸ்டிக்கரில் எந்த ஆண்டு என்று பார்த்த பிறகு விலை பேசுங்கள்.