எண்ணு தம்பி

மெரினாவுல இருக்கிற உழைப்பாளர் சிலையில எத்தனை பேர் இருக்காங்க? போன பிப்ரவரியில ஒரு ஞாயித்துக்கிழமை, டெல்லி கான் மார்க்கெட் மெட்ரோவுல இறங்கி ஆட்டோவுல ஜெய்ப்பூர் ஹவுஸ் மியூசியத்துக்குப் போயிக்கிட்டிருக்கும்போது எங்க கீழ்வீட்டு டிராயிங் சார் இதைக் கேட்டார். நான் திருவல்லிக்கேணியில வளர்ந்தவன், அந்தச் சிலையைத் தாண்டித்தான் எத்தனையோ வருஷம் போயிட்டு வந்திருக்கேன், யோசிக்காம ஆறுன்னு சொல்லிட்டேன். சார் பதிலே சொல்லல. இறங்கினதும் மியூசியத்துக்குள்ள கூட்டிட்டுப் போகாம நேரா புல்வெளிக்குப் போனார், அங்க அதே சிலையோட இன்னொரு வார்ப்பு நிக்குது. "எண்ணு தம்பி"ன்னார்.

நாலு பேர்.

எனக்கு நிஜமாவே மனசு கஷ்டமாயிடுச்சு. சின்ன வயசுலேர்ந்து "நம்ம சிலை"ன்னு சொல்லிக்கிட்டு இருந்த ஒண்ணை ஒருநாள்கூட நின்னு பாக்கலன்னு அங்கதான் தெரிஞ்சுது. செஞ்சவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி, சென்னை ஓவியக் கல்லூரியோட பிரின்சிபாலா இருந்தவர், மெரினாவுல அது வந்தது 1959-ல. சார் அதே காலேஜ்ல அவருக்கு ரொம்பப் பின்னாடி படிச்சவர், அப்புறம் டெல்லிக்கு வந்து ஒரு ஸ்கூல்ல டிராயிங் வாத்தியாரா இருந்து ரிட்டையர் ஆகி இப்போ மயூர் விஹார்ல எங்க பிளாக்லயே கீழ்வீடு. நான் நேரு பிளேஸ்ல அக்கவுண்ட்ஸ் பாக்குறவன். படம் பாக்கக் கத்துக்கணும்னு ரொம்ப நாளா ஆசை, யார்கிட்ட கேக்குறதுன்னு தெரியாம இருந்துச்சு, ஒருநாள் படிக்கட்டுல அவரைப் பாத்தப்போ கேட்டுட்டேன்.

அதுக்கு முன்னாடியும் நான் மியூசியம் போயிருக்கேன். ஊர்லேர்ந்து யாராவது வந்தா இந்தியா கேட், அப்படியே பக்கத்துல ஜெய்ப்பூர் ஹவுஸ், நேஷனல் கேலரி ஆஃப் மாடர்ன் ஆர்ட், 1954-லேர்ந்து அங்க இருக்கு. ஒரு படத்துக்கு அஞ்சு செகண்ட், பக்கத்துல இருக்கிற சீட்டைப் படிப்போம், போன்ல ஒரு போட்டோ, அடுத்த படம். முக்கால் மணி நேரத்துல மொத்த கட்டடமும் முடிஞ்சிடும்.

சார் அன்னைக்கு என்னைக் கூட்டிட்டுப் போனது ஒரே ஒரு படத்துக்கு. ஓவியர் அம்ரிதா ஷேர்கில் 1937-ல வரைஞ்ச 'பிரம்மச்சாரிகள்'. சீட்டைக் கடைசியிலதான் படிக்கணும்னார். நல்லா இருக்கு, நல்லா இல்லைன்னு சொல்லக் கூடாதுன்னார். என்ன இருக்குன்னு மட்டும் சொல்லு, வாயைத் திறந்து சத்தமா சொல்லு. அஞ்சு பேர் சார், உக்காந்திருக்காங்க, வெள்ளை வேட்டி, சட்டை இல்ல, மூஞ்சியில சிரிப்பே இல்ல. சரி, அப்புறம்? அப்புறம் என்ன சார், அவ்ளோதான். "இல்ல, இன்னும் இருக்கு, பாரு"ன்னுட்டு அவர் பெஞ்சுல போய் உக்காந்துட்டார்.

உள்ளுக்குள்ள எனக்குக் கோவம் வந்துச்சு, அதையும் சொல்லணும். நம்ம ஊர் பசங்களை எதுக்கு இந்தம்மா இப்படி எழவு வீட்டுல உக்காந்த மாதிரி வரைஞ்சு வெச்சிருக்காங்கன்னு. சார்கிட்ட சொன்னேன். "கோவம் வந்துச்சா, நல்லது, அதை ஒரு பக்கம் எடுத்து வை, அப்புறமா எடுத்துக்கலாம், இப்போ கண்ணைப் பாதி மூடிக்கிட்டு பாரு"ன்னார். இது ஓவியர்கள் வழக்கமா பண்றது, கண்ணைச் சுருக்கிட்டா மூக்கு முழி எல்லாம் மங்கி வெளிச்சம் எங்க இருட்டு எங்கன்னு அது மட்டும் நிக்கும். நான் சுருக்கிப் பாத்தேன், ஆளுங்க போயிட்டாங்க, வெள்ளைத் திட்டு ஒண்ணோட ஒண்ணு கைகோத்துக்கிட்டு போற மாதிரி தெரிஞ்சுது. மறுபடி முழுசா திறந்தா அந்த வெள்ளை எல்லாம் ஒரே வெள்ளை இல்ல, ஒண்ணுல மஞ்சள் தட்டுது, ஒண்ணு சாம்பலா இருக்கு, உடம்பும் அப்படித்தான், ஒவ்வொண்ணும் வேற வேற பழுப்பு. இதெல்லாம் அரை மணி நேரமா என் மூஞ்சிக்கு முன்னாடியேதான் இருந்திருக்கு.

வீட்டுக்குப் போற வழியில மெட்ரோவுலயே, டைரியில பேனாவால நினைவுலேர்ந்து அந்தப் படத்தை வரையச் சொன்னார். எனக்கு வரையவே வராது. பரவாயில்ல, முட்டை முட்டையா போடுன்னார். போட்டேன். ஸ்கூல் குரூப் போட்டோ மாதிரி அஞ்சு தலையும் ஒரே மட்டத்துல வந்துச்சு. அடுத்த வாரம் டைரியை எடுத்துக்கிட்டுப் போய் ஒப்பிட்டுப் பாத்தா அப்படி இல்லவே இல்ல, தலைங்க ஏறி இறங்கிப் போகுது, அதனாலதான் கண்ணு ஒரு இடத்துல தேங்காம நகருது. படம் பாக்க ஆசைப்படுறவங்களுக்கு நான் சொல்லக்கூடிய ஒரே உருப்படியான விஷயம் இதுதான், நினைவுலேர்ந்து வரைஞ்சு பாருங்க. எங்கெல்லாம் தப்பா வருதோ அங்கெல்லாம் நீங்க பாக்கல.

சரி, பாக்குறது ஒண்ணு, மதிப்பு போடுறது இன்னொண்ணு. "இதை என் பொண்ணே வரைவா"ன்னு நாம எல்லாரும் ஒரு தடவையாவது சொல்லியிருப்போம், நான் அந்த வேட்டி மடிப்பைப் பாத்துட்டு கிட்டத்தட்ட அதைத்தான் சொன்னேன், துணி மாதிரியே இல்லையே சார், தட்டையா இருக்கேன்னு. அவர் வாதாடல. இளம் பெண்கள்னு அதே அம்மா 1932-ல பாரிஸ்ல வரைஞ்ச படத்துக்கு முன்னாடி நிக்க வெச்சார், அதுவும் இந்த கேலரியோடதுதான். அதுல துணி துணியாவே இருக்கு, தோல் தோலாவே இருக்கு, வெளிச்சம் விழுறது அப்படியே நிஜம். அந்தப் படம் பாரிஸ்ல பரிசு வாங்குச்சு, அதை வரைஞ்சப்போ அவங்களுக்கு வயசு 20-கூட ஆகியிருக்கல. ஆக அஞ்சு வருஷம் கழிச்சு துணியைத் தட்டையா விட்டது வராததால இல்ல, வேண்டாம்னு விட்டது. நடுவுல அஜந்தா போயிருக்காங்க, கொச்சி மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியம் பாத்திருக்காங்க, அந்தச் சுவரோட மண் நிறமும் வளைவும்தான் எண்ணெய் வண்ணத்துல இறங்கியிருக்கு. இது தெரிஞ்சப்புறம் போய் பிரம்மச்சாரிகள் முன்னாடி நின்னா எனக்கு அது சோகமாவே தெரியல, கோயில் மண்டபத்துல மத்தியானம் உக்காந்திருக்கிற அமைதியா தெரிஞ்சுது. சீட்டைக் கடைசியில படின்னு அவர் சொன்னது இதுக்குத்தான்னு நினைக்கிறேன், முதல்லயே படிச்சிருந்தா அஜந்தாவை மட்டும்தான் தேடியிருப்பேன்.

எனக்குப் பிடிச்சது ரவிவர்மாதான், இப்பவும். பட்டுப்புடவையில ஜரிகை மின்னுறதை அவர் மாதிரி யாரும் பண்ணல. 1894-ல பம்பாய்ல அச்சகம் போட்டு லட்சுமி சரஸ்வதியை வீட்டுக்கு வீடு கொண்டு போனவர், நம்ம பூஜை ரூம்ல இருக்கிற மூஞ்சிங்க பாதி அவர் வழியாவும் காலண்டருக்குச் சாமி படம் வரைஞ்ச கோவில்பட்டி கொண்டைய ராஜு வழியாவும் வந்ததுதான். ஆனா சார் பிடிவாதமா ஒண்ணு சொல்லுவார், "பிடிச்சிருக்குன்றது உன்னைப் பத்தின சேதி, நல்லா வந்திருக்குன்றது படத்தைப் பத்தின சேதி". வரைஞ்சவர் எதுக்குப் போனார், அது கைக்கு வந்துச்சா, எதை விட்டுட்டுப் போனார், திரும்பி வந்தா புதுசா ஏதாவது கொடுக்குதா, இப்படியெல்லாம் கேட்டுப் பாத்தா ரவிவர்மாவோட சில படங்கள்ல ஆளுங்க நாடக மேடையில நிக்கிற மாதிரி நிக்கிறாங்கன்னு எனக்கே தெரியுது. பிடிச்சிருக்கிறது அதனால குறையல.

விலையை வெச்சு மதிப்பு போடவே கூடாது. 2023-ல ஷேர்கிலோட 'கதை சொல்லி'ன்ற படம் 61.8 கோடி ரூபாய்க்கு ஏலம் போனப்போ எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல "இதுக்கா?"ன்னு ஒரே ரகளை. அவங்க 1941-லயே, 28 வயசுல செத்துப்போயிட்டாங்க, படைப்பெல்லாம் 1976-லேர்ந்து தேசிய கலைப் பொக்கிஷம், நாட்டை விட்டு வெளிய போக முடியாது, ஏகப்பட்டது இந்த கேலரியிலயே இருக்கு. விக்க வர்றதே அபூர்வம், அதனாலயும் விலை ஏறுது. படத்துல என்ன இருக்குன்னு அந்த நம்பர் சொல்லாது.

மே மாசத்துல ஜன்பத் நேஷனல் மியூசியத்துக்குப் போனோம், சோழர் செப்புத் திருமேனிகளுக்காக. கோயில்ல நடராஜரைப் பாக்கும்போது நமக்குக் கிடைக்கிறது முகம், கொஞ்சம் கை, மீதி எல்லாம் பட்டும் மாலையும், அதுவும் தீபாராதனை நேரத்துல ஒரு நொடி. இங்க அலங்காரமே இல்ல. எனக்கு முதல்ல கும்பிடுறதா பாக்குறதான்னே தெரியல, கை தானா கன்னத்துல போட்டுக்குச்சு. அப்புறம் சார் சொன்ன மாதிரி பக்கவாட்டுல நகர்ந்து நகர்ந்து பாத்தேன். முயலகன் மேல ஊன்றின வலது கால், அங்கேர்ந்து நேரா மேல கோடு இழுத்தா தலைக்குப் போய் நிக்குது, இந்தப் பக்கம் உடுக்கை அந்தப் பக்கம் நெருப்பு, தூக்கின காலும் வீசின கையும் ஒண்ணை ஒண்ணு இழுத்துப் பிடிக்குது, இவ்வளவு ஆட்டத்துக்கும் நடுவுல முகம் அசையவே இல்ல. மெழுகுல செஞ்சு, மேல மண்ணு பூசி, சுட்டு மெழுகை உருக்கி வெளிய எடுத்துட்டு அந்த இடத்துல உலோகத்தை ஊத்தி, ஆறினதும் அச்சை உடைக்கணும். உடைச்சாச்சுன்னா அதே மாதிரி இன்னொண்ணு வராது. சுவாமிமலையில இன்னைக்கும் இப்படித்தான் வார்க்கிறாங்க.

ஆகஸ்ட்லேர்ந்து சாருக்கு முட்டி வலி, படி ஏற முடியல. நான் மட்டும் போறேன், சாயங்காலம் அவர் வீட்டுல காபி குடிச்சுக்கிட்டே பாத்ததைச் சொல்லணும், அவர் கண்ணை மூடிக்கிட்டு கேட்பார். போன வாரம் ஷேர்கிலோட மூணு பெண்கள், 1935-ல வரைஞ்சது. மூணு பேரும் பக்கத்துல பக்கத்துலதான் உக்காந்திருக்காங்க, ஒருத்தர் ஒருத்தரைப் பாக்கல, நம்மளையும் பாக்கல, பார்வை எல்லாம் தாழ்ந்து இருக்கு, பின்னாடி எந்தச் சாமானும் இல்லன்னு இருபது நிமிஷம் விடாம சொன்னேன். முழுசா சொல்லிட்டேன்னுதான் நினைச்சேன்.

"நடுவுல இருக்கிற பொண்ணோட கை எங்க இருக்கு?"ன்னார்.

எனக்குத் தெரியல. போன்ல தேடாதன்னுட்டார். ஞாயித்துக்கிழமை போய்தான் பாக்கணும்.