வரிசை கலைந்த பிறகு கொடுக்கும் ரத்தம்

நாட்டுக்காக ரத்தம் சிந்துவோம் என்று மேடையில் முழங்குகிறோம். சிந்த வேண்டியதில்லை. யாரென்றே தெரியாத ஒரு சக குடிமகனுக்கு முறை தவறாமல் கொடுத்தால் போதும். நாட்டுப்பற்றுக்கு இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்காவில் ரத்தம் கொடுக்க மக்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். காயத்தோடு பிழைத்தவர்கள் குறைவு என்பதால் அவ்வளவு ரத்தம் தேவைப்படவில்லை. ஏராளமான பைகள் காலாவதியாகிக் கொட்டப்பட்டன. அந்த மக்களின் அன்பில் ஒரு குறையும் இல்லை, ரத்தத்தின் ஆயுள்தான் குறைவு. சிவப்பணுக்களை 2 முதல் 6 டிகிரி செல்சியஸ் குளிரில் அதிகம் போனால் 42 நாள் வைக்கலாம். ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்டுகள் 20 முதல் 24 டிகிரியில், ஓயாமல் அசைத்துக்கொண்டே இருந்தாலும், பெரும்பாலும் 5 நாள்தான் தாங்கும். பிறவி ரத்தக் கோளாறான தலசீமியா கடுமையாக உள்ள குழந்தைக்கோ சில வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றியாக வேண்டும், நாட்டில் அன்று பரபரப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

ஆகவே கூட்டம் வடிந்த பிறகு போங்கள். இந்தியாவில் ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி வேண்டும். வெறும் வயிற்றோடு போகாதீர்கள். சாப்பிட்டு, அரை லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டுப் போனால் மயக்கம் வருவது குறையும். எடுப்பது 350 அல்லது 450 மில்லி. முடிந்ததும் சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும், 10 நிமிடமாவது படுத்திருங்கள். கையை மடக்காமல், நீட்டியபடியே பஞ்சை அழுத்திப் பிடித்தால் ரத்தம் கட்டாது. இழந்த நீர் ஓரிரு நாளில் ஊறிவிடும். 450 மில்லியோடு போகும் 200 மில்லிகிராமுக்கு மேற்பட்ட இரும்புச்சத்து திரும்ப மாதங்கள் ஆகும். அடிக்கடி கொடுப்பவர்களுக்கு ஹீமோகுளோபின் இறங்குவது இதனால்தான்.

எல்லாவற்றையும்விட முக்கியம், ரத்தம் கொடுக்குமுன் உடல்நலம் பற்றி நிரப்பும் கேள்விப் படிவம். நண்பர்களோடு வந்த இடத்தில் வெட்கப்பட்டு எதையாவது மறைத்துவிடுகிறார்கள். பரிசோதனை இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். தொற்று ஏற்பட்ட தொடக்க நாட்களில் எந்தச் சோதனையிலும் அது தெரியாமல் போகலாம். யாரும் பார்க்காத அந்த மேசையில் உண்மையை எழுதுவதும் நாட்டுப்பற்றுதான். மறைத்தது பிறகு உறுத்தினாலோ, வீடு திரும்பியபின் காய்ச்சல் வந்தாலோ தயங்காமல் ரத்த வங்கிக்குப் போன் செய்யுங்கள். நோயாளிக்கு ஏற்றுவதற்கு முன்பே அந்தப் பையை ஒதுக்கிவிட முடியும்.