மேலே விரிசல், கீழே ஊர்

நிலச்சரிவு ஆராய்ச்சிக்குப் புதிதாக வரும் புவியியலாளரின் கண் முதலில் போய் நிற்பது சரிவின் தலைப்பகுதியில்தான். மண் பிய்ந்துபோன வடுவை அளப்பது, மண் மாதிரி எடுப்பது, ஏன் இங்கே சரிந்தது என்று கணக்குப் போடுவது என்று காலத்தின் பெரும்பகுதி அங்கேயே போய்விடும். அந்த வேலை தேவைதான். ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையின் அண்மைக்காலப் பெருந்துயரங்களில் மக்கள் இறந்த இடம் வேறு. 2019 ஆகஸ்ட் 8 கேரளத்து வயநாட்டின் புத்துமலை, 2020 ஆகஸ்ட் 6 மூணாறு அருகே பெட்டிமுடி, 2024 ஜூலை 30 மீண்டும் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை: எல்லாவற்றிலும் மண் கிளம்பியது மேலே, வீடுகள் இருந்தது வெகுகீழே, ஓடைக்கரையில். பெட்டிமுடியில் இறந்த 70 பேரில் பெரும்பாலோர் லயங்களில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) தூங்கப்போன தமிழ்த் தேயிலைத் தொழிலாளர்களும் அவர்களின் குடும்பத்தாரும்தான். சரிவு எங்கே தொடங்கும் என்பதைவிட எங்கே போய் நிற்கும் என்பதற்கே இந்தத் துறை அதிக உழைப்பைக் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

தொடங்குவது எப்படி என்பதை ஒரு சிறு கணக்கில் காட்டலாம். 30 பாகைச் சாய்வு, பாறைமேல் 2 மீட்டர் மண், கன மீட்டருக்கு 18 கிலோநியூட்டன் எடை, உராய்வுக் கோணம் (மண்துகள்களின் உராய்வு வலிமையைக் காட்டும் அளவு) 30 பாகை, மண்ணின் ஒட்டுதலும் வேர்ப்பிடிப்பும் சேர்ந்து 5 கிலோபாஸ்கல் என்று வைத்துக்கொள்வோம். மண் காய்ந்திருக்கும்போது தாங்கும் விசையை இழுக்கும் விசையால் வகுத்தால் 1.32 வரும். ஒன்றுக்கு மேல் என்றால் சரிவு நிற்கும். மண்ணுக்குள் நீர்மட்டம் பாறையிலிருந்து 1 மீட்டர் ஏறினால் அது 1.05. 1.2 மீட்டர் ஏறினால் ஒன்றுக்குச் சற்றுக் கீழே இறங்கிவிடும். நீர் மண்ணை ‘வழுக்க’ வைக்கிறது என்று சொல்வது சரியல்ல. துளைகளுக்குள் ஏறும் நீரழுத்தம் மண்துகள்கள் ஒன்றையொன்று அழுத்தும் விசையைக் குறைக்கிறது. அதனால் உராய்வும் குறைகிறது. அந்த 5 கிலோபாஸ்கலைப் பாதியாக்கிப் பாருங்கள். நீர்மட்டம் 1 மீட்டரைத் தொட்டதுமே மதிப்பு 0.89. பெருமரங்களை வெட்டிய சரிவு உடனே விழாமல் சில ஆண்டுகள் கழித்து விழுவதன் காரணம் இதில் இருக்கிறது. அடிக்கட்டையின் வேர் உளுத்துப்போக அவ்வளவு காலம் எடுக்கும்.

நீலகிரியில் பார்க்கும் பல சரிவுகள் சிறியவை. சாலைக்காகவோ வீட்டுக்காகவோ அடிவாரத்தைச் செங்குத்தாக வெட்டிய இடங்களில் விழுபவை. தடுப்புச் சுவர் கட்டியும் அது சாய்ந்தால், முதலில் தேட வேண்டியது சுவரின் வடிதுளைகளை. பல இடங்களில் துளை இருக்கும், பின்னால் சரளை வடிகட்டி இருக்காது. களிமண் அடைத்து நீர் தேங்கி, மண்ணின் பாரத்தோடு நீரின் பாரமும் சேர்ந்து சுவரைத் தள்ளும். மேலே சாலையோரக் கால்வாயில் ஒரு விரிசல் இருந்தாலும் போதும், மழைநீர் முழுவதும் அந்தச் சரிவுக்குள்ளேயே இறங்கும்.

பாறைச்சேற்று ஓட்டத்தின் கதை வேறு. மலை முகட்டுக்குக் கீழே கைக்குழி போல வளைந்த பள்ளங்கள் உண்டு. ஆண்டு முழுவதும் அங்கே ஓடை ஓடாது. ஆனால் சுற்றிலுமிருந்து மண்ணும் நிலத்தடி நீரும் அங்கேதான் வந்து சேரும். மண் தடித்த அந்த இடம் ஒரு பெருமழையில் பிய்த்துக்கொண்டு ஓடைக்குள் விழும். விழுந்த மண் நீரோடு கலந்து குழம்பாகிறது. கொள்ளளவில் பாதிக்கு மேல் கல்லும் மண்ணும் இருந்தாலும் ஓடும். நீரைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு எடையுள்ளதால் லாரி அளவுப் பாறைகளையும் தூக்கிச் செல்லும். போகும் வழியில் ஓடையின் அடிமண்ணையும் கரையையும் அரித்துச் சேர்த்துக்கொண்டே போவதால், தொடங்கிய அளவைவிடப் பல மடங்கு பெரிதாகிக் கீழே வந்து சேரும். முண்டக்கைக்கு மேலே பிய்ந்த பரப்பு சுமார் 86,000 சதுர மீட்டர், தலைப்பகுதியின் உயரம் சுமார் 1,550 மீட்டர், ஓடிய தூரம் சுமார் 8 கிலோமீட்டர் என்று இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையம் செயற்கைக்கோள் படங்களிலிருந்து கணித்தது. அதே இடத்தில் பழைய சரிவு இருந்ததற்கான தடயமும் அந்தப் படங்களில் தெரிந்தது.

பழைய ஓட்டங்களைப் படிப்பதுதான் களப்பணியின் சாரம். வெறும் வெள்ளம் கொண்டுவந்த மணல் அடுக்கடுக்காக, பருமன் பிரிந்து படியும். பாறைச்சேற்று ஓட்டத்தின் படிவில் களியும் கூழாங்கல்லும் பெரும்பாறையும் தரம்பிரியாமல் கலந்து கிடக்கும். பெரிய கற்கள் மேற்பகுதியிலும் முகப்பிலும் குவிந்திருக்கும். ஓடையின் இரு கரையிலும் கல்வரப்புகள் விட்டுப்போயிருக்கும். அவற்றின் மேல் வளர்ந்திருக்கும் மரங்களின் வயதைக் கொண்டு ஓட்டம் குறைந்தது எத்தனை ஆண்டுகளுக்கு முந்தையது என்று சொல்லலாம். வளைவுகளை விட்டுவிடாதீர்கள். வெளிக்கரையில் சேறு ஏறிய கோட்டுக்கும் உட்கரைக் கோட்டுக்கும் உள்ள உயர வேறுபாடு வேகத்தைச் சொல்லும். வளைவின் ஆரம் 50 மீட்டர், ஓடையின் அகலம் 20 மீட்டர், உயர வேறுபாடு 2 மீட்டர் என்றால் வேகம் நொடிக்குச் சுமார் 7 மீட்டர், அதாவது மணிக்கு 25 கிலோமீட்டர். இந்தச் சேற்றுக்கோடு அடுத்த மழையில் கழுவிப்போகும் என்பதால் நிகழ்வு முடிந்த முதல் நாட்களிலேயே அளந்துவிட வேண்டும், அதுவும் மேலே மீண்டும் பாய்ச்சல் வராதென்று தெரிந்த பிறகு. முண்டக்கையில் முதல் பாய்ச்சலுக்குச் சில மணி நேரம் கழித்து மீண்டும் வந்தது. பாறையும் மரமும் குறுகலில் அடைத்து, பின்னால் நீர் தேங்கி, அது உடையும்போது இப்படி நேரலாம். பெருமழையில் ஓடைநீர் திடீரென்று குறைந்தால் அது நல்ல செய்தி அல்ல, ஓடிவிட வேண்டிய அறிகுறி.

எச்சரிக்கைக்கு மழை அளவை நம்புகிறோம். உலகெங்கும் திரட்டிய நிகழ்வுகளைக் கொண்டு 1980-இல் ஆய்வாளர் நெல் கேய்ன் வகுத்த வாய்பாட்டின்படி, சரிவு தொடங்க 24 மணி நேரத்தில் சுமார் 103 மில்லிமீட்டர் மழை கீழெல்லை. அது நம் மலைகளுக்கு அப்படியே பொருந்தாது. பருவமழையில் அந்த அளவு பலமுறை பெய்யும், ஒன்றும் நடக்காது. இலங்கையின் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணி நேரத்தில் 75, 100, 150 மில்லிமீட்டர் என்று மூன்று படிகள் வைத்திருக்கிறது. மூன்றாவது படி வெளியேற்றத்துக்கானது. நம் இடத்துக்கான அளவை வகுக்கும்போது தவறு நுழையும் வாசல், காலை 8.30 மணிக்கு எடுக்கும் நாள் மழைக்கணக்கு. சரிவு நள்ளிரவுக்குப் பின் நடந்திருந்தால், அதற்குப் பிறகு காலைவரை பெய்த மழையும் அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கும். அதை வைத்து எல்லையை வகுத்தால் எல்லை உயர்ந்துவிடும், அடுத்தமுறை எச்சரிக்கை பிந்திவிடும். மணிவாரி அளவு இல்லாத நிலையத்தின் எண்ணை எல்லை வகுக்கப் பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது. தானியங்கி மழைமானியின் புனலில் ஓர் இலை அடைத்தாலும் மழையே பெய்யாதது போலக் காட்டும். பருவமழைக்கு முன்பும் நடுவிலும் யாராவது போய்ப் பார்த்தாக வேண்டும்.

இனி வரைபடம். இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் தேசியச் சரிவு வாய்ப்பு வரைபடம் 1:50,000 அளவில் இருக்கிறது. அதில் ஒரு மில்லிமீட்டர் நிலத்தில் 50 மீட்டர். ஒரு லயம் முழுவதும் அதற்குள் மறைந்துவிடும். மாவட்ட அளவில் திட்டமிட அது அருமையான கருவி, ஒரு வீட்டை இருக்கச் சொல்லவோ காலி செய்யவோ அல்ல. மேலும் அது மண் கிளம்பும் இடத்தைத்தான் சிவப்பாக்குகிறது. ஓடை சமவெளியை அடையும் விசிறி வடிவ மேட்டில் சாய்வு குறைவு என்பதால் அது பச்சையாகவே நிற்கும். அந்த மேட்டை உருவாக்கியதே பழைய பாறைச்சேற்று ஓட்டங்கள்தான்.

எட்டும் தூரத்தைக் கணிக்கச் சுவிட்சர்லாந்தின் ரிக்கன்மன் தந்த அனுபவ வாய்பாடு தொடக்கத்துக்கு உதவும். 500 மீட்டர் உயர வீழ்ச்சியில் 10,000 கன மீட்டர் ஓட்டம் ஏறத்தாழ 1.4 கிலோமீட்டர் போகும். ஒரு லட்சம் கன மீட்டர் 2.1 கிலோமீட்டர். இவை சராசரிகள். ஒடுங்கிய ஆற்றுப்பள்ளத்தில் நீர் நிறைந்து ஓடும்போது இதைத் தாண்டிப் போகும் என்பதற்கு முண்டக்கையே சான்று. ஆகவே வரைபடத்தில் ஒற்றைக் கோடு போடாமல் சாதாரண, பெரிய, மிகப்பெரிய என்று மூன்று கோடுகள் போட்டுக் கொடுங்கள். கடைசிக் கோட்டுக்குள் நிவாரண முகாமாகப் பயன்படும் பள்ளிக்கூடம் வருகிறதா என்று பாருங்கள். மலையூரில் பள்ளிக்குக் கிடைக்கும் சமதளம் பெரும்பாலும் ஆற்றோரம்தான். சூரல்மலையில் ஆற்றோரத்து வெள்ளார்மலைப் பள்ளியும் சேதமடைந்தது. வெளியேறும் வழி ஓடையைக் கடக்கிறதா என்றும் பாருங்கள். அங்கே பாலம் அடித்துச் செல்லப்பட்டதும் முண்டக்கை துண்டாகி, ராணுவம் 190 அடி பெய்லி பாலம் (இரும்புப் பாகங்களைப் பொருத்தி விரைவில் கட்டும் பாலம்) போட்ட பிறகுதான் கனரக வாகனங்கள் எளிதாக அக்கரைக்குப் போக முடிந்தது. ஓடைக்கு இரு கரையிலும் வீடுகள் இருக்கும் ஊரென்றால் இரண்டு முகாம்கள் வேண்டும், கரைக்கு ஒன்றாக, மேட்டில்.