பாக்கெட்டில் இருந்த 339, 451, 452

அப்பா 35 வருடம் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் வேலை பார்த்தவர். இப்போது செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். போன மார்ச் மாத ரத்தப் பரிசோதனையில் பாஸ்பரஸ் 7.1 என்று வந்தது. 4.5-க்குள் இருக்க வேண்டியது. ராத்திரியெல்லாம் முதுகைச் சொறிந்துகொண்டே இருந்ததற்குக் காரணம் அப்போதுதான் புரிந்தது.

பாலை எப்போதோ அரை டம்ளராகக் குறைத்துவிட்டோம். கடலை மிட்டாய் கிடையாது. தட்டுவடை செட் கடைப் பக்கமே கூட்டிப் போவதில்லை. பிறகு எப்படி ஏறும்? "வெளிய எதாவது சாப்பிடறீங்களாப்பா?" என்று கேட்டுவிட்டேன். "நான் எங்க கண்ணு போறேன்" என்றார். அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே கூடாது.

டயட்டீஷியன் அம்மா, வீட்டில் இருக்கும் பாக்கெட்டுகளையெல்லாம் எடுத்து வரச் சொன்னார். டயாலிசிஸ் செய்பவர்களுக்குப் புரதம் வேண்டும் என்பதால் ஐந்து ரோடு பக்கத்தில் சிக்கன் சாசேஜும் சீஸ் ஸ்லைஸும் வாங்கி, தினமும் சப்பாத்திக்குள் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் எறும்பளவு எழுத்தில் 339, 451, 452. உணவில் சேர்க்கும் பொருட்களுக்கான எண்கள் இவை. எல்லாமே பாஸ்பரஸ் உள்ள பாஸ்பேட் உப்புகள். சீஸ் உருகும்போது கொழுப்பு பிரியாமலிருக்க ஒன்று, இறைச்சி தண்ணீரை விடாமலிருக்க இன்னொன்று. கோலாவில் புளிப்புக்குச் சேர்ப்பது 338.

பருப்பிலும் பாஸ்பரஸ் உண்டு. ஆனால் அதில் பெரும்பகுதி ஃபைட்டேட் என்ற சேர்மமாகக் கட்டுண்டு கிடக்கும். நம் குடலால் அதைப் பிரிக்க முடியாது. பாதிக்கும் குறைவாகத்தான் உடம்பில் சேரும். சேர்க்கை உப்போ 90 சதவீதத்துக்கு மேல் ரத்தத்தில் ஏறிவிடுகிறது. சிறுநீரகம் நன்றாக இருப்பவர் அதை வெளியேற்றிவிடுவார். அப்பாவுக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. மிஞ்சும் பாஸ்பரஸ் எலும்பை அரிக்கும், ரத்தக்குழாயில் சுண்ணாம்பு படியவைக்கும்.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-இல் ஒரு வரம்பு சொன்னது: எல்லா உணவிலிருந்தும் சேர்த்து, உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம் பாஸ்பரஸ். 60 கிலோ ஆளுக்கு 2400. ஆனால் சிறுநீரகம் ஓரளவுக்கு மேல் பழுதானவர்களுக்கு இது பொருந்தாது என்றும் அதிலேயே எழுதியிருக்கிறார்கள். அப்பாவுக்குச் சொல்லப்பட்ட அளவு 800 முதல் 1000 வரை.

சரி, அந்த 1000-ஐ எப்படிக் கணக்குப் பார்ப்பது? இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. நம் நாட்டு விதிப்படி சேர்க்கைப் பொருளின் பெயரையோ எண்ணையோ அச்சிட்டால் போதும். ஊட்டச்சத்து அட்டவணையில் சோடியம் கட்டாயம், சர்க்கரை கட்டாயம், பாஸ்பரஸ் கட்டாயமில்லை. இருக்கிறது என்று தெரியும், எவ்வளவு என்று தெரியாது. ஒரே ஒரு வரி கூடுதலாக அச்சிடச் சொன்னால் எத்தனை வீடுகளுக்கு உதவும்!

முதல் வாரம் பயத்தில் எண் போட்டிருந்த எல்லாவற்றையும் தூக்கிப் போட்டேன். அப்புறம்தான், பிஸ்கட்டில் வரும் 500, 503 பாஸ்பேட் இல்லை என்று தெரிந்தது. நாங்கள் முக்கியமாகப் பார்ப்பது 338 முதல் 343 வரை, 450 முதல் 452 வரை. சாசேஜுக்குப் பதில் முட்டை வெள்ளைக்கரு, கடையில் அப்போதே வெட்டிய கோழி. சாப்பாட்டில் உள்ள பாஸ்பரஸ் ரத்தத்தில் சேராமல் கட்டிவைக்கும் மாத்திரையையும் இப்போது சாப்பாட்டோடு சேர்த்தே போடுகிறார்; முன்பு சாப்பிட்டு வெகுநேரம் கழித்துப் போடுவார். இரண்டும் சேர்ந்து மே மாதம் 5.4-க்கு இறங்கியது.

பட்டறையில் வைத்திருந்த பூதக்கண்ணாடி இப்போது சமையலறை அலமாரியில் இருக்கிறது. நேற்று பையன் வாங்கி வந்த கேக் பாக்கெட்டில் 450 இருப்பதை முதலில் பார்த்தது அப்பாதான்.