ஆக்லாந்தில் காகம் இல்லை

ஆக்லாந்தில் காகம் கிடையாது. குடியேறி இத்தனை வருடமாகியும் அம்மா போகும்வரை அது எனக்கு உறைக்கவே இல்லை. மரம் வேறு, அதில் உட்காரும் பறவை வேறு என்று பழகிவிட்டேன். இலையில் சோறு வைத்த பிறகு யாரைக் கூப்பிடுவது என்ற கேள்வி 2021 ஆடி அமாவாசையன்றுதான் வந்தது.

அம்மா அந்த வருடம் மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில் போனாள். நியூசிலாந்து 2020 மார்ச்சிலேயே எல்லையை மூடியிருந்தது. வேலை விசாவில் இருந்தவன் கிளம்பினால் மனைவியும் பிள்ளையும் இங்கே, நான் அங்கே. எப்போது திரும்பலாம் என்று சொல்ல ஆளில்லை. எரியூட்டியதைப் போனில்தான் பார்த்தேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத என்னால் ஆகாது.

பதினாறாம் நாளும் போனில்தான். அண்ணன் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் சோறு வைத்துக் கூப்பிடுகிறான், கூப்பிடுகிறான், ஒரு காகமும் இறங்கவில்லை. என்ன குறை வைத்தோம் என்று பெரியம்மா புலம்ப ஆரம்பித்துவிட்டாள். வடையை எடுத்து மேலே வைத்துப் பார்த்தார்கள். பாயசம் ஊற்றிப் பார்த்தார்கள். கடைசியில் அண்ணி உள்ளே போய் ஒரு டம்ளர் காபியைக் கொண்டுவந்து இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். காபி இறங்காமல் அம்மாவுக்கு எதுவும் இறங்காது என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். டம்ளரை வைத்த கை விலகுவதற்குள் ஒரு அண்டங்காக்கை வந்து உட்கார்ந்தது. அங்கே மாடியில் இருந்தவர்களும் இங்கே போனைப் பிடித்திருந்த நானும் அழுதுகொண்டே சிரித்தோம்.

எனக்கு வேண்டியிருந்தது அப்படி ஒரு நிமிடம். அவள் வந்தாள், வாங்கிக்கொண்டாள் என்று ஒரு வாய் சாட்சி.

ஆடி இங்கே கடுங்குளிர். ஈரப் புல்லில் நின்று, வேலித் தூணின் மேல் சோற்றை வைத்து, ஊரில் கூப்பிடுவது மாதிரியே "கா... கா..." என்று கூப்பிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து எல்லாம் சரிதானே என்று கேட்டார். அம்மாவுக்குச் சோறு வைக்கிறேன் என்றேன். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பேசாமல் ஜன்னலைச் சாத்திக்கொண்டார். அந்த மனிதர் மேல் எனக்கு இன்றும் மரியாதை. சோற்றைத் தின்றது மைனா. நம் ஊர் மைனாவேதான். 19ஆம் நூற்றாண்டில் பயிர்ப் பூச்சியைத் தின்னட்டும் என்று கொண்டுவந்து விட்டது, இன்று வடக்குத் தீவின் பாதியில் இதன் கூச்சல்தான். ஊரிலிருந்து வந்த பறவை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் மைனா யார் கூப்பிட்டாலும் வரும், கூப்பிடாவிட்டாலும் வரும். நம் வீட்டு ஆளுக்காகக் காத்திருக்கிற பிகு அதற்குக் கிடையாது.

மகளுக்கு அப்போது ஐந்து வயது. "இங்க காக்கா இல்லன்னா பாட்டி கிவியாதான் வரணும். கிவிக்குப் பறக்கத் தெரியாதேப்பா, வேலி மேல எப்படி ஏறும்?" என்று கேட்டாள். ராத்திரியில்தான் கிவி இரை தேடும், அதனால் ராத்திரி வைக்கலாம் என்று யோசனையும் சொன்னாள். அன்று இரவு ஒரு கிண்ணத்தில் சோறு வெளியே இருந்தது. ஆக்லாந்தின் வீட்டுத் தோட்டங்களில் கிவி வராது என்று அவளிடம் சொல்ல மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு எல்லாவற்றிலும் அம்மாவைத் தேட ஆரம்பித்தேன். ஒரு நாள் நடைபாதையில் விசிறிவாலைப் பரப்பிக்கொண்டு சின்னப் பறவையொன்று என் முகத்துக்கு முழ தூரத்தில் கூடவே வந்தது. இந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரிகள் அதைப் பீவாகவாகா என்பார்கள். அம்மாதான் என்று முடிவே கட்டிவிட்டேன். வேலையிடத்தில் இருக்கும் மாவோரிப் பெரியம்மா ஒருவரிடம் சொன்னபோது அவர் முகம் மாறியது. "வீட்டுக்குள்ள வந்துச்சா?" என்று கேட்டார். இல்லை என்றதும் மூச்சு விட்டார். அது வீட்டுக்குள் நுழைந்தால் சாவுச் செய்தி என்பது அவர்கள் நம்பிக்கை. நம் காலடியில் கிளம்பும் பூச்சிகளுக்காகத்தான் அது ஆளோடு வருகிறது என்று பின்னால் படித்தேன். படித்ததும் தொண்டை அடைத்தது. ஆனாலும் அது வரும்போதெல்லாம் இன்றும் நடையை மெதுவாக்கிக்கொள்கிறேன்.

அவரிடமிருந்துதான் இன்னொன்றும் தெரிந்தது. இறந்தவர்களின் ஆவி இந்நாட்டின் வடமுனைக்குப் போய், அங்குள்ள ஒரு போஹுதுகாவா மரத்தின் வேர் வழியே கடலில் இறங்குமாம். நம்மவர்கள் தென்புலத்தார் ஆயிற்றே, தெற்கே அல்லவா போகிறார்கள் என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் பொறி தட்டியது: அம்மா தெற்கே கிளம்பினாள் என்றால் என் பக்கம்தான் வந்துகொண்டிருக்கிறாள்.

2022 ஜூன் 24, மத்தாரிக்கி என்ற விண்மீன் கொத்தின் பெயரால் வரும் மாவோரிப் புத்தாண்டு முதன்முதலாக அரசு விடுமுறையான நாள். விடியுமுன் அவர் எங்களைத் தன் உறவினர்கள் கூடிய மேட்டுக்கு அழைத்துப்போனார். வடகிழக்கே ஓரியன் விண்மீன் கூட்டத்தின் இடுப்புப் பட்டை. அதற்கு இடப்பக்கம் ரோகிணி. இன்னும் இடப்பக்கம், அடிவானத்துக்குச் சற்று மேலே, கொத்தாக மத்தாரிக்கி. அது கார்த்திகை! நாம் ஆறு மீன் என்கிறோம், அவர்கள் ஒன்பது எண்ணுகிறார்கள். அவற்றில் ஒன்று இறந்தவர்களுக்கான மீன். சமைத்ததைத் திறந்து அதன் ஆவியை நட்சத்திரங்களுக்குப் படைத்தார்கள். போன மத்தாரிக்கிக்குப் பிறகு இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொருவராக உரக்கச் சொன்னார்கள்.

அம்மாவின் ஜென்ம நட்சத்திரம் கார்த்திகை. இதை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

"உங்க அம்மா பேர் என்ன?" என்று கேட்டார் பெரியம்மா. அம்மா போய் ஒரு வருடத்துக்கும் மேல் ஆகிவிட்டதே என்றேன். எல்லை மூடியிருந்ததால் உனக்குக் கணக்கு அப்படி ஓடாது, சொல்லு என்றார். அம்மா பெயரை அந்தக் குளிரில் கத்திச் சொன்னேன். முப்பது நாற்பது பேர், முன்பின் தெரியாதவர்கள், எனக்குப் பின்னால் அந்தப் பெயரைத் திருப்பிச் சொன்னார்கள். உச்சரிப்பு கோணல்தான். அம்மா கேட்டிருந்தால் பூரித்துப் போயிருப்பாள்; அவளை ஊரில் எல்லாரும் பெரியவன் அம்மா, சின்னவன் அம்மா என்றுதான் கூப்பிட்டார்கள்.

இப்போது ஒவ்வொரு வருடமும் போகிறோம். இந்த ஊர் எனக்குக் கொடுத்ததில் இதைவிடப் பெரிது எதுவும் இல்லை. மனது ஆறிவிட்டது என்றுகூடச் சொல்லிக்கொள்வேன், ஆடி அமாவாசை வரும்வரை. அன்று சமைத்து மூடிவைத்துவிட்டு அண்ணியின் போனுக்காக உட்கார்ந்திருப்போம். அங்கே பகல் 12 என்றால் இங்கே மாலை 6.30. பசி தாங்காதென்று மகளுக்கு மட்டும் முன்னால் போட்டுவிடுவோம். அண்ணி "உன் பங்கும் சேத்துத்தான் வெச்சேன், எடுத்துட்டுது" என்று சொன்ன பிறகுதான் நாங்கள் இலை போடுகிறோம். காபி வைத்தாளா என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறேன்.