சும்மா இருக்கும் வெற்றிடம்

நேற்று ராத்திரி தூக்கம் வராமல் காசிமிர் விசையைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் சுத்தமாகத் தூக்கம் போயேவிட்டது.

மின்னூட்டம் இல்லாத இரண்டு உலோகத் தகடுகள். நடுவில் வெற்றிடம். நியாயமாகப் பார்த்தால் ஒன்றும் நடக்கக்கூடாது. ஆனால் அவை ஒன்றையொன்று இழுக்கும் என்று 1948-இல் கணக்குப் போட்டுச் சொன்னார் ஹென்ட்ரிக் காசிமிர். நெதர்லாந்தில் பிலிப்ஸ் கம்பெனியின் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். (பல்பு கம்பெனியில் இதையெல்லாம் யோசிக்க விட்டிருக்கிறார்கள், பாருங்கள்!)

வெற்றிடத்திலும் மின்காந்தப் புலம் முழுதாக அடங்குவதில்லை, லேசாக அதிர்ந்துகொண்டே இருக்கும். தகடுகளுக்கு நடுவே அந்த இடைவெளிக்குப் பொருந்தும் அலைகளுக்குத்தான் இடம். வெளியே அந்தக் கெடுபிடி இல்லை. அந்த வித்தியாசம்தான் விசை.

எவ்வளவு? 1 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இடைவெளியில், 1 சதுர செ.மீ. தகட்டுக்குச் சுமார் 13 மைக்ரோகிராம் எடை அளவு. தூசிக் கணக்கு. ஆனால் இடைவெளியைப் பாதியாக்கினால் விசை 16 மடங்கு!

இதைத் தெளிவாக அளக்க 1997 வரை ஆனது. அமெரிக்காவின் சியாட்டிலில் ஸ்டீவ் லாமொரோ என்ற இயற்பியலாளர் முறுக்கு ஊசலை (மெல்லிய கம்பி முறுக்குவதை வைத்து நுண்ணிய விசையை அளக்கும் கருவி) வைத்து அளந்தார். இரண்டு தகடுகளைத் துல்லியமாக இணையாக நிறுத்துவது பெரும்பாடு என்பதால், ஒரு தகட்டுக்குப் பதிலாகத் தங்கம் பூசிய வளைந்த லென்ஸை வைத்துவிட்டார். எனக்கு அந்தக் கோட்பாட்டைவிட இந்த லென்ஸ்தான் பிடித்திருக்கிறது.